சுவரை ருசி பார்த்தவள்

புவனேஸ்வரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வேலைக்குப் போன இடத்தில் சுவர் உரிந்து கிடந்தால், விரல் நுனியால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அவசரமாக இருந்தால் விரலெல்லாம் எதற்கென்று நாக்கையே நேராகச் சுவரில் வைத்துவிடுவாள். கடலூரில் இதைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. ஏற்காட்டில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பால் அவள் ஒரு தடவை நன்றாக அடிபட்டாள். அப்புறம் எழுந்தும் வந்தாள்.

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா அம்மா இருவருக்கும் காப்பித் தோட்டத்தில்தான் வேலை. கல்யாண வயசு வந்ததும் வேலுசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வேலுசாமி சேலத்துக்காரன்தான், ஆனால் அப்போது கடலூர்த் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் ஏற்றுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மூடுபனியில் கம்பளி போர்த்தி வளர்ந்த பெண், தாலி கட்டிய கையோடு கடற்கரை வெயிலில் போய் விழுந்தாள். கொஞ்ச நாள் அழுதாள். அழுது பார்த்தும் வெயில் குறையாததால் வேலை தேடினாள். கிடைத்தது சித்தாள் வேலை. கலவை குழைக்க வேண்டும், பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கொத்தனாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அங்கே கொத்தனார் ஒரு பெண். பெயர் ஜோஸ்லின், புவனேஸ்வரி வயசுதான். சுனாமி வந்து போன பிறகு கடற்கரைப் பெண்கள் கொஞ்சம் பேருக்குக் கொத்துவேலை பழக்கிவிட்டிருந்தார்கள். பழகியவர்களில் பாதிப் பேர் பூசுகிற கரணையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஜோஸ்லின் போடவில்லை. புருஷன் பென்னி கடலுக்குப் போவான், அவள் சாரத்தில் ஏறுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே புவனேஸ்வரி ஒரு கூத்தடித்தாள். கலவைக்குத் தண்ணீர் வேண்டுமென்றதும் பக்கத்தில் இருந்த அடிபம்பில் அடித்து ஊற்றிவிட்டாள். மலையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் தண்ணீர்தான், அதில் நல்லது கெட்டது இருக்கும் என்று யார் கண்டது? பூச்சு காய்ந்த பிறகு சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. ஜோஸ்லின் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னா புள்ள நீ, தண்ணிய வாயில வச்சே பாக்கலயா? இங்க தண்ணி, மணலு, செவுரு எல்லாத்தையும் வாயில வச்சுப் பாத்துட்டுத்தான் கைய வைக்கணும். இல்லாட்டி உப்பு உன் வேலய தின்னுட்டுப் போயிடும்."

பூசியதை இருவருமாகக் கொத்தி எடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் அது.

கடற்கரை வீடுகளைச் சீர்செய்வது தனி வேலை. உப்புக்காற்று செங்கல்லுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே எத்தனை பூசினாலும் உள்ளேயிருந்து தள்ளும். முதலில் அந்த உப்பை வெளியே இழுக்க வேண்டும். அதற்குச் சுவருக்குப் பத்து போடுவார்கள், வீங்கின முழங்காலுக்குப் போடுகிற மாதிரியே. களிமண், ஊறவைத்த பழைய பேப்பர், கொஞ்சம் பொடிமணல் எல்லாம் பிசைந்து நனைத்த சுவரில் அப்பிவிட்டால், அது காயும்போது உப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு பொருக்காக விழும். இதையெல்லாம் புவனேஸ்வரி ஜோஸ்லினோடு நின்று செய்து செய்து, ஒருநாள் தானும் கரணையைக் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் மனசில் ஆணியடித்த மாதிரி நின்றது வேறொரு விஷயம். வீட்டு வேலை முடிந்தால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, கொத்தனாருக்கு வேட்டி துண்டும் சித்தாளுக்குச் சேலையும் கொடுப்பது வழக்கம். ஒரு வீட்டில் ஜோஸ்லினுக்கும் சேலையை நீட்டினார்கள். ஜோஸ்லின் வாங்கவில்லை. "சேல நானே வாங்கிக்குவேன். கொத்தனாருக்கு உள்ளத குடுங்க" என்றாள். வீட்டுக்காரர் கடைக்கு ஓடிப்போய்த் துண்டு வாங்கிவந்தார். அதைத் தலையில் சுற்றிக்கொண்டு அவள் தெருவில் நடந்துபோனதைப் பார்த்தபோது புவனேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்கும் ஒருநாள் நம்ம ஊரில் இப்படி ஒரு துண்டு விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. ஒரு துண்டு.

ஐஸ் கம்பெனி மூடியதும் ஊர் திரும்பினார்கள். வேலுசாமிக்கு ஏற்காடு பஜாருக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிற வேலை கிடைத்தது. புவனேஸ்வரி மேஸ்திரி ஐயாக்கண்ணுவிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. கூலியை அன்றன்றைக்குக் கொடுத்துவிடுவார், குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் பெண் கையில் கரணையா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கரணைய வெச்சுட்டுப் பாண்டை எடுங்க அம்மணி" என்றார். கடலூரில் கொத்தனார், ஏற்காட்டில் மறுபடி சித்தாள். அவள் எடுத்துக்கொண்டாள். அடுப்பெரிய வேண்டுமே.

ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை நடந்தபோது, ஈரம் ஊறி ஓதம் ஏறிய சுவரைக் கண்டதும் பழக்க தோஷத்தில் நாக்கை வைத்துவிட்டாள். ஐயாக்கண்ணு பார்த்துவிட்டார்.

"ஏனுங் அம்மணி, தொட்டுக்க ஊறுகா வேணுங்களா? இங்க ஏரிதானுங்க இருக்குது, கடல ஏதாச்சும் முந்தானையில முடிஞ்சு கொண்டாந்துட்டீங்களா?"

சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பஜார் டீக்கடையில் "உப்புக்காரி வந்துட்டாங்க" என்றான் ஒருத்தன். பெயர் ஒட்டிக்கொண்டது. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், இல்லையென்றால் நியாயம் கேட்கலாம். சிரிப்பை என்ன செய்வது? அதைச் சட்டை பண்ணாமல் இருக்க வேண்டும் என்பார்கள். சொல்கிறவர்களைப் பார்த்து ஊரே ஒருநாள் சிரித்தால் தெரியும். புவனேஸ்வரி அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் மாதம்மாள் அவளைக் கூப்பிட்டாள். மாதம்மாளும் வேடியப்பனும் புவனேஸ்வரியின் அம்மாவோடு ஒரே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். எஸ்டேட் துண்டு துண்டாக விற்றுப்போனபோது, வேலைக்காலம் முடிந்து கிடைத்த பணத்தில் அங்கிருந்த பழைய கல் குடோனை வாங்கி வீடாக்கிக்கொண்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அது காப்பிக்கொட்டை குடோன். ஆயுசு முழுக்க லைன் வீட்டில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாவி கிடைத்த இடம். என்ன புண்ணியம்? படுக்கிற உள்ரூமின் மேற்குச் சுவர் மட்டும் எந்நேரமும் வேர்த்துக் கொட்டியது. மற்ற சுவர்கள் எல்லாம் நன்றாக இருந்தன. பாய், துணி எல்லாம் பூசணம். கடைசியில் கிழவனும் கிழவியுமாக அடுப்படியில் படுக்க ஆரம்பித்தார்கள்.

"உங்கம்மா கையி சுத்தமான கையி. நீ வந்து பாத்துக் குடு கண்ணு" என்றாள் மாதம்மாள்.

தனியாக, தன் பொறுப்பில், ஊரில் முதல் வேலை. ஐயாக்கண்ணுவிடம் சொன்னபோது அவர், "பண்ணுங்க அம்மணி. அந்தச் சுவரு நின்னுதுன்னா நானே உங்களக் கொத்தனாருன்னு கூப்பிடறன். நிக்கலைன்னா பேசாமப் பாண்டத் தூக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பூச்சைத் தட்டியதும் வெள்ளைப் பொடி கை முழுக்க ஒட்டியது. நாக்கு பரபரத்தது. விரலை வாய்க்குக் கொண்டுபோகப் போனாள், வாசலில் செருப்புச் சத்தம். ஐயாக்கண்ணு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். புவனேஸ்வரி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மலையில் ஏது உப்பு, மேற்குப் பக்கத்துப் பனிதான் அடிக்கிறது, இது பழைய சுண்ணாம்புதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மற்றவர்கள் செய்கிற மாதிரியே சிமெண்டில் ஓதம் தாங்குகிற மருந்தைக் கலந்து கெட்டியாகப் பூசி, பெயிண்டும் அடித்துவிட்டாள். சுவர் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தாம்பாளம் வந்தது. அதில் வெற்றிலை பாக்கு, பக்கத்தில் மயில் நிறத்தில் ஒரு சேலை.

"பொம்பளப் புள்ளைக்குத் துண்டக் குடுத்தா நல்லாவா இருக்கும்னு சேலையா எடுத்துட்டன் கண்ணு" என்றாள் மாதம்மாள். அன்பாகத்தான் சொன்னாள். புவனேஸ்வரி சிரித்து வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழை வந்தது. அதன்பின்னால் பனி வந்து, பகலெல்லாம் ரோடு தெரியாமல் மூடிக்கொண்டு நின்றது. ஒருநாள் சாயங்காலம் வேலுசாமி ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று முழித்தான்.

"மாதம்மா அத்தை வண்டியில வந்தாங்க புவனா. சுவரு மறுபடியும் கொப்புளம் போட்டு உரியுதாம். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னாங்க. மனசு சங்கடப்படுவீன்னு. மறுபடியும் அடுப்படியிலதான் படுக்கறாங்களாம்."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. துண்டு கிடைக்காமல் போனதுகூட அப்போது உறைக்கவில்லை. திட்டாமல் விட்டார்களே, அதுதான் அறுத்தது. மறுநாள் ஐயாக்கண்ணு காலால் பாண்டை அவள்பக்கம் தள்ளிவைத்தார். விஷயம் அதற்குள் அவருக்கும் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பெட்டியின் அடியிலிருந்து அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு போனாள். மாதம்மாள் மடியில் வைத்தாள்.

"அத்தை, இது வேலைக்குக் குடுத்தது. வேலை நிக்கலைங்க. எனக்கு வேண்டாமுங்க."

"அட என்ன புள்ள நீ, குடுத்ததத் திருப்பி வாங்கறதா?" என்று மாதம்மாள் பதறினாள். புவனேஸ்வரி நிற்கவில்லை. நேராக உள்ரூமுக்குப் போனாள். அந்த மாப்பிள்ளைச் சுவர் அம்மை கண்ட மாதிரி கிடந்தது. அவள் சுற்றிமுற்றிப் பார்க்கவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, கீழே ஓரத்தில் பொரிந்திருந்த இடத்தில் நாக்கை வைத்தாள்.

உப்பு. சந்தேகமே இல்லை. ஆனால் கடலூர் உப்பு இல்லை, பின்னால் ஒரு கசப்பு இருந்தது.

"என்னம்மணி பண்றே?" என்று வாசல்படியில் வேடியப்பன் கேட்டார்.

"மாமா, இந்தச் சுவத்துல உப்பு இருக்குதுங்க. எங்கிருந்து வந்துதுன்னுதான் தெரியல."

அவரும் விரலைச் சுவரில் தேய்த்து வாயில் வைத்தார். முகம் கோணியது. திரும்பவும் ஒருதடவை வைத்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, இது பொட்டாசு அம்மணி! உரம் வீசறப்போ காத்தடிச்சா நேரா வாயிலதான வந்து உழுவும். இந்த ருசி எனக்குத் தெரியாதா? குடோன்ல மத்ததெல்லாம் காப்பிக்கொட்டைதான். இந்த ரூமுல மட்டும் உர மூட்டை. இந்தச் சுவத்துக்கு ஒட்டி நாந்தான் அடுக்குவன். எஸ்டேட் கணக்கு எழுதற ரைட்டரு நின்னு பாப்பாரு, நொம்ப ஒழுங்கா அடுக்குவன்."

சொல்லிவிட்டு அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக முதுகில் சுமந்து கொண்டுவந்து அடுக்கியது கல்லுக்குள் இறங்கி, பனியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, இப்போது அவரையே படுக்கவிடாமல் அடிக்கிறது. முதலில் அவருக்கு அழுகைதான் வந்தது. அப்புறம் மாதம்மாள் வந்து, "நல்லா அடுக்குனீங்க போங்க, பொண்டாட்டி அடுப்படியில கெடக்கறதுக்கு" என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள். புவனேஸ்வரிக்குச் சிரிப்போடு கோபமும் வந்தது, தன் மேலேயே. முதல்நாளே நாக்கை வைத்திருந்தால் இத்தனை பாடு இல்லை. யாரோ சிரிப்பார்கள் என்று பயந்து விரலைத் துடைத்துக்கொண்டதற்கு இந்த இரண்டு ஜீவனும் குளிரில் கிடந்திருக்கின்றன.

"எனக்கு இன்னொருக்கா விடுங்க மாமா. கூலி வேண்டாமுங்க. பனி போனதும் ஆரம்பிக்கறன்."

தை பிறந்து காற்று உலர்ந்ததும் தொடங்கினாள். தான் ஆசையாகப் பூசிய சிமெண்டைத் தானே உளியால் கொத்தி எடுத்தாள், கல் மூச்சு விடுகிறவரைக்கும். களிமண்ணுக்கு வேலுசாமி குப்பனூர் போய்வந்தான். பஜார் கடைகளில் பழைய பேப்பர் கேட்டு வாங்கினாள். வார நாளெல்லாம் ஐயாக்கண்ணுவிடம் பாண்டு தூக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவருக்குப் பத்து போட்டாள். அடுத்த ஞாயிறு போனால் பத்து காய்ந்து, விளிம்பெல்லாம் வெள்ளை பூத்து, தட்டினால் பொலபொலவென்று விழும். அள்ளிக் கொண்டுபோய்த் தூரத்தில் கொட்டுவாள். சுவரைச் சுரண்டி வாயில் வைப்பாள். உப்பு. மறுபடி பத்து.

வேடியப்பனுக்கும் மாதம்மாளுக்கும் இது விளையாட்டாகிவிட்டது. காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு விரல் சுவரில் வைத்துப் பார்ப்பார்கள். "நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் கம்மிதான்" என்பார் அவர். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு, அப்பிடியேதான் இருக்குது" என்பாள் அவள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலில் பார்த்துச் சிரித்தார்கள். இந்த முறை புவனேஸ்வரி கண்டுகொள்ளவில்லை.

காப்பி பூத்து மலையெல்லாம் மணக்கிற சமயத்தில் உப்பு கரைந்து தேய்ந்து, கசப்பு மட்டும் லேசாக நின்றது. இன்னும் ஒரு பத்து போட்டாள். அதுவும் போயிற்று. சங்ககிரியிலிருந்து சுண்ணாம்பு வரவழைத்து, ஊறப்போட்டு, சிமெண்டு ஒரு கரண்டிகூடச் சேராமல் மெல்லிசாகப் பூசினாள். பெயிண்டும் வேண்டாமென்று வெள்ளையடித்து முடித்தாள். இந்தத் தடவை சுவர் மாப்பிள்ளை மாதிரியெல்லாம் இல்லை. கொஞ்சம் மேடுபள்ளமாக, சாதுவாக இருந்தது.

மாதம்மாள் தாம்பாளத்தைத் தேடி உள்ளே போனாள். புவனேஸ்வரி தடுத்துவிட்டாள்.

"இப்ப வேண்டாமுங்க அத்தை. ஒரு மழை, ஒரு பனி போவட்டும். சுவரு நின்னா அப்பறம் குடுங்க."

சொல்வது சுலபம். மழைக்காலம் வந்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. வேலுசாமியின் ஜீப்பில் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வாள். இறங்கிப் பார்க்கப் பயம். மறுபடி கொப்புளம் போட்டிருந்தால் என்ன செய்வது? இனி வாழ்நாளெல்லாம் பாண்டுதான், உப்புக்காரி என்ற பெயர்தான். வேலுசாமி ஒருநாள், "நான் போயிப் பாத்துட்டு வரட்டுமா?" என்றான். "வேண்டாமுங்க. அவங்களே கூப்பிடட்டும்" என்றாள். ஐப்பசி போயிற்று, கார்த்திகையும் போயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாதது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் தவித்தாள்.

மார்கழி முடிகிற சமயத்தில் மாதம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. வேலுசாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஐயாக்கண்ணு நின்றிருந்தார். அவரையும் வேடியப்பன்தான் வரச்சொல்லியிருந்தார். பந்தயம் பேசியவர் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

உள்ரூமில் பாய் விரித்திருந்தது. இரண்டு தலையணை, மடித்துவைத்த கம்பளி. ஆள் படுத்து எழுந்த அறை என்று பார்த்ததுமே தெரிந்தது. வெளியே கை நீட்டினால் விரல் தெரியாத பனி. சுவர் வெள்ளையாக, காய்ந்து நின்றது.

வேடியப்பன் முன்னால் வந்தார். எல்லோரும் பார்க்க, சிரமப்பட்டு முட்டிபோட்டு, சுவரில் நாக்கை வைத்தார். வாயைச் சப்புக்கொட்டி யோசித்தார். பிறகு திரும்பி ஐயாக்கண்ணுவிடம் சொன்னார்.

"ஒரு ருசியும் இல்லீங்க மேஸ்திரி. சப்புன்னு இருக்குது."

தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு பாராட்டைப் புவனேஸ்வரி அதுவரைக்கும் கேட்டதில்லை. அழுதுவிட்டாள்.

மாதம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். திருப்பிக்கொடுத்த அந்த மயில் நிறச் சேலையை அவளே கட்டியிருந்தாள். தாம்பாளத்தில் வேட்டியும் பச்சைக் கரை போட்ட துண்டும் இருந்தன.

"வேட்டிய வேலுசாமி கட்டிக்கட்டும். துண்டு உனக்கு கண்ணு. எனக்கு அப்பவே தோணியிருக்கோணும்."

புவனேஸ்வரி துண்டை எடுத்தாள். கஞ்சி மொடமொடப்போடு புதுத்துணி வாசம் அடித்தது. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மடித்த மடிப்பையே தடவிக்கொண்டு நின்றாள்.

ஐயாக்கண்ணு சுவர்ப்பக்கம் போனார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். புறங்கையை வைத்துப் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலை வாயிலும் வைத்துப் பார்த்தார். எல்லோரும் கவனித்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"அம்மணி, நாகலூர் ரோட்டுல ஒரு பழைய பங்களா புடிச்சிருக்கறன். நாலு பக்கமும் உரிஞ்சு கொட்டுது. எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது. நாளைக்குக் காலையில வந்து கொஞ்சம் அந்தச் சுவரைப் பாத்து..." என்று நிறுத்தினார். பழைய ஊறுகாய்ப் பேச்சு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ருசி பாத்துச் சொல்லோணுமுங்க."

"வர்றனுங்க மேஸ்திரி" என்றாள் புவனேஸ்வரி. பிறகு, கேட்டுவிடுவதே நல்லதென்று கேட்டாள். "பாண்டு தூக்கறதுக்கா, இல்ல..."

ஐயாக்கண்ணு அவள் கையில் இருந்த துண்டைப் பார்த்தார்.

"அதைத் தலையில கட்டிட்டு வாங்க, கொத்தனாரம்மா" என்றார்.